துடுப்பு இருக்கா?

“வந்துட்டாரய்யா நாட்டாமை!” முழங்கால் தண்ணீரில் நின்றபடியே கத்தினான் டுவைட். “கண்ணுதான் தெரியலையே பெரியவரே, தூண்டிலை எங்க வீசுவீங்க? என் தொப்பி மேலயா?”

வெர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கணவர் ஹார்லனோ சிரித்தார்.

“உனக்கு வாய் மட்டும் குறையலடா. மீன் மாட்டுச்சா?”

“மாட்டாம?” இடுப்பில் கட்டியிருந்த கயிற்றைத் தூக்கிக் காட்டினான். கொழுத்த ஸ்டீல்ஹெட் மீன் ஒன்று தொங்கியது. நீர்நாய் கடித்து வாலில் ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. “பண்ணை மீன்தான், பயப்படாதீங்க. இல்லேன்னா மறுபடியும் போனைப் போட்டுடுவீங்களே!”

ஹார்லன் கரை மேலிருந்தே கம்பால் சரிவைத் தட்டிப் பார்த்தார்.

இந்த ஆற்றில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரு குட்டித் துடுப்புதான். பண்ணையில் பொரித்த குஞ்சுகளுக்கு, முதுகில் வாலுக்குக் கிட்டே இருக்கும் அந்தத் துடுப்பைக் கத்தரித்துத்தான் ஆற்றில் விடுவார்கள். அந்த இடம் ஆறித் தழும்பாகியிருந்தால் மீனை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். துடுப்பு இருந்தால் அது ஆற்றிலேயே பிறந்த மீன். தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமலேயே விட்டுவிட வேண்டும்.

சில வருஷத்துக்கு முன்னால் டுவைட் அப்படி ஒரு மீனைச் சாக்கில் ஒளித்தபோது, அதிகாரியை வரவழைத்தவர் ஹார்லன். டுவைட் ஒரு வருஷம் ஆற்றில் இறங்கக் கூடாது என்று தடை போட்டார்கள். அதை அவன் மறப்பானா?

“போயிடலாங்க. இவன் பக்கத்துல வேணாம்,” என்றாள் வெர்னா.

“நாளைக்கு அரிசோனாவுக்கு, மக வீட்டுக்கு ஒரேயடியாப் போறோம். அங்க பாலைவனத்துல மணல்லயா தூண்டில் போடுவேன்? இந்த வருஷம் மாட்டினது எல்லாமே துடுப்பு உள்ளது. கடைசியா ஒரு மீனாச்சும் வீட்டுக்குக் கொண்டு போகணும் வெர்னா.”

சத்தமாகத்தான் சொன்னார். டுவைட் காதிலும் விழுந்திருக்கும்.

மீன் மாட்டினால் துடுப்பு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது எப்போதும் வெர்னாதான். இன்று மழையில் சரிவு வழுக்கியது. அவள் முட்டிக்கு அது ஆகாது. ஹார்லன் காலுக்கு அந்த வழி பழக்கம். கம்பை ஊன்றி இறங்கிவிட்டார். அவள் மேலேயே நின்று, சாமியைக் கூப்பிட்டபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் தூண்டில் வளைந்தது.

“மாட்டிருச்சு! வெர்னா, துடுப்பு இருக்கான்னு பாரு!” ஹார்லன் குழந்தை மாதிரிக் கூவினார்.

“இருங்க, வரேன்!”

ஒரு அடி வைத்தாள், சறுக்கியது. அதற்குள் டுவைட் வலையோடு பாய்ந்து போய்விட்டான்.

“அவனைத் தொட விடாதீங்க!”

மழைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது? டுவைட் இவளுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தான். அவன் கையில் கத்தி! தண்ணீருக்குள் எதையோ அறுத்தான். இன்னும் கொஞ்சம் குனிந்து ஏதோ செய்தான். பிறகு வலையைத் தூக்கினான்.

“துடுப்பு இல்ல பெரியவரே! பண்ணை மீன்! கொக்கியை முழுங்கிடுச்சு, தூண்டில் நரம்பை அறுத்துட்டேன். மண்டையிலயும் ஒண்ணு போட்டுட்டேன், அடங்கிருச்சு.”

ஹார்லன் மீனை மார்போடு அணைத்துக்கொண்டார்.

வெர்னாவுக்குப் புரிந்துவிட்டது. அடப்பாவி, துடுப்பை வெட்டிவிட்டானே! பழைய பகையைத் தீர்த்துக்கொண்டானே!

சொல்லி வைத்தாற்போல் மேலே வண்டிச் சத்தம். மீன்வளத் துறை அதிகாரி இறங்கி வந்தாள்.

வெர்னாவுக்கு உயிரே போய்விட்டது. ஊருக்கெல்லாம் சட்டம் பேசிய மனுஷன். கடைசி நாளில், பச்சைக் காயத்தோடு ஒரு மீனை வைத்துக்கொண்டு மாட்டப்போகிறார். இந்த அவமானத்தைத் தாங்குவாரா?

முட்டியாவது ஒன்றாவது! சேற்றில் உட்கார்ந்தே சறுக்கிக் கீழே வந்தாள்.

“மேடம், எங்க வீட்டுக்காரர் மேல தப்பில்ல! அவருக்குக் கண்ணு தெரியாது, இவன்தான் கத்தியால…”

“இருங்கம்மா, பாத்துடறேன்.” அதிகாரி மீனைத் திருப்பினாள். முதுகை விரலால் தடவினாள். மறுபடியும் தடவினாள்.

வெர்னா ஹார்லனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நல்லா ஆறின தழும்பு. பண்ணை மீனேதான். கொண்டு போங்க பெரியவரே.”

“நான்தான் சொன்னேனே!” டுவைட் எங்கேயோ பார்த்தான்.

“வாலை மட்டும் நீர்நாய் கடிச்சிருக்கு,” என்றாள் அதிகாரி.

வெர்னா அப்போதுதான் வாலைப் பார்த்தாள். ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. சட்டென்று டுவைட்டின் இடுப்பைப் பார்த்தாள். கயிறு வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது.

“உனக்கு ஒண்ணும் மாட்டலையாப்பா?” என்று கேட்டாள் அதிகாரி.

“எனக்கு எங்க மேடம்?” தூண்டிலைச் சுருட்டிக்கொண்டே சொன்னான் டுவைட். “இப்பதான் ஒண்ணு வந்துச்சு. பாத்தா துடுப்பு இருந்துச்சு. பெரியவர் பக்கத்துல நிக்கும்போது அதை எடுக்க முடியுமா? தண்ணியிலேயே விட்டுட்டேன்.”