வால் எட்டாத இடம்

சாம்பல், செவலை என்று இரண்டு கிழட்டுக் கழுதைகள். ஒன்றின் முகத்துக்கு நேரே மற்றதன் வால் வரும்படி புளியமரத்தடியில் ஒட்டி நிற்கும். இதன் முகத்து ஈயை அதன் வால் விரட்டும், அதன் முகத்து ஈயை இதன் வால்.

சாம்பலுக்கு ஒரே கதைதான் தெரியும். மூட்டையோடு ஆற்று வெள்ளத்தில் மாட்டித் தப்பிய கதை. அதையே தினமும் சொல்லும்.

"உன் தொணதொணப்பு இல்லாம இருந்தா இன்னும் நாலு வருஷம் கூடுதலா உயிரோட இருப்பேன்" என்று செவலை ஒருநாள் தனியாக வேப்பமரத்தடிக்குப் போய்விட்டது.

அங்கே நிம்மதி இருந்தது. ஈயும் இருந்தது. எப்படிச் சுழற்றினாலும் வால் முதுகைத் தாண்டவில்லை. கண்ணோரம் புண்ணாகி, ஒரு கண் மூடியே போனது. பள்ளம் தெரியாமல் விழுந்து முட்டியும் பெயர்ந்தது.

கடைசியில் நொண்டிக்கொண்டே புளியமரத்துக்கு வந்தது. சாம்பலுக்கு இரண்டு கண்ணுமே வீங்கி மூடியிருந்தன.

"யாரது?"

செவலை பழைய இடத்தில் திரும்பி நின்று, வாலை வீசியது. சாம்பல் முகத்திலிருந்து ஈக்கள் பறந்தன.

"அந்த வெள்ளத்துல அப்புறம் என்ன ஆச்சு?"

"உனக்குத்தான் தெரியுமே."

"பரவாயில்ல, முதல்லேருந்து சொல்லு."