தாழ்த்திய கார்

“அம்மிணி, கொஞ்சம் எறங்கிக்கோ” என்று வேகத்தடைக்கு முன்னால் தனபால் காரை நிறுத்தினான். கூரை திறந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். சைலன்சர், சக்கரம் எல்லாம் மாற்றியவன், பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டுமென்று ஸ்பிரிங்கையும் மாற்றித் தரையோடு தாழ்த்தியிருந்தான். தாழ்த்திய முதல் நாளே மனைவி பூங்கொடியோடு கடந்தபோது முன்பக்கம் உரசி, வேகத்தடையில் சிவப்புக் கோடு விழுந்தது. அன்றிலிருந்து அவள் இறங்கித்தான் ஆகவேண்டும்.

“பொண்டாட்டி கனத்தைத் தாங்காத வண்டி எதுக்குங்க?”

“இதுல நான் மாத்தாதது உன்னை மட்டுந்தான்.”

அவள் கதவை அறைந்து சாத்தினாள். கார் உரசாமல் ஏறி இறங்கியது. அந்தப் பக்கம் அவளுக்காகக் கதவைத் திறந்துவைத்து அவன் காத்திருந்தபோது, திருப்பத்தில் வந்த டிப்பர் லாரி காரோடு அவனை நசுக்கியது.

இப்போது கொழுந்தன் முருகவேலின் உயரமான ஜீப்பில் போகிறாள். அதே வேகத்தடை வந்ததும் கதவில் கை வைக்கிறாள்.

“அண்ணி, இதுக்கு எறங்க வேண்டாமுங்க. எத்தனை தடவை சொல்றது?”

“தெரியும். நிறுத்து.”

சேலையைத் தூக்கிப் பிடித்து, யாரையோ திட்டிக்கொண்டே நடக்கிறாள். நடுவில் மட்டும் காலை அகட்டி வைத்துத் தாண்டுகிறாள். சிவப்புக் கோடு இன்னும் அழியவில்லை.