பஞ்ச காலத்து உத்தரவு

காலை ஆறு மணிக்கு, ரத்தக்குழாய் ஒன்றில் ஒட்டியிருந்த உயிரணுவின் சுவரில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு மதகு. அதன் பெயர் செங்கேணி. உள்ளே சேரும் கொலஸ்ட்ராலை வெளியே தள்ளுவது அதன் வேலை. கூட இருந்த மதகுகள் தேய்ந்து உதிர்ந்துவிட்டன. புது மதகு செய்யச் சொல்லி வரும் ஓலைகளையெல்லாம் மரபணுவின் ஏவலாளான நறுக்கு என்கிற குட்டி மைக்ரோ ஆர்.என்.ஏ. வழிமறித்துக் கிழித்துக்கொண்டிருந்தது.

“ஏம்ப்பா நறுக்கு, ஒரு ஓலையையாவது விடேன். ஒத்தை ஆளா முடியலப்பா.”

“கொழுப்புப் பஞ்சம்ணே. ஒரு சொட்டு வெளியே போகக் கூடாதுன்னுதான் என்னை அனுப்பினாங்க.”

“எந்தக் காலத்துப் பஞ்சம்? திரும்பிப் பாரு. கொழுப்பு கொப்புளம் கொப்புளமா மிதக்குது.”

நறுக்கு திரும்பிப் பார்த்தது. “ஆமாண்ணே, நெறையத்தான் கெடக்கு.”

“உன்னை அனுப்பின மரபணுவே எப்பவோ வாயை மூடிக்கிச்சுடா!”

“இருக்கலாம். ஆனா, நிறுத்துன்னு யாரும் வந்து சொல்லலையே? சொன்னா இந்த நிமிஷமே நிறுத்திடுவேன்.”

சொல்லிக்கொண்டே அடுத்த ஓலையைக் கிழித்தது.

வெளியே ரத்தத்தில் படகுகள் கொழுப்பைக் கல்லீரலுக்கு ஏற்றிப்போகக் காத்து நின்றன. செங்கேணி முடிந்த மட்டும் தள்ளியது. நண்பகலில் அதுவும் சுவரிலிருந்து பெயர்ந்து விழுந்தது. படகுகள் காலியாகவே திரும்பின.

மறுநாள் அந்த உயிரணு கொழுப்பு தாங்காமல் வெடித்துச் செத்தது. அதைப்போல் செத்தவை குவிந்துகிடந்த இதய ரத்தக்குழாய், ஏழு வருஷம் கழித்து மார்ச் 14-ஆம் தேதி அடைத்துக்கொண்டது.