தோளில் போட்ட ரொட்டி

புதிதாய்ச் சுதந்திரமடைந்த ஆர்மீனியாவில் முதலீடு செய்ய விரும்பிய வெள்ளைக்காரருக்கு, அந்நாட்டுக் கலியாணத்தை நடித்துக் காட்டுவதாக லண்டன் மண்டபமொன்றில் அறிவித்தார்கள். மணமகள், விழாவை நடத்தும் அலுவலகத்தில் வேலை பார்க்கும் தவமலர். மணமகன், கூட வேலை செய்யும் ஆர்மீனியன் தீக்ரான்.

“நடிப்பு மட்டும்தான், விளங்குதோ?” என்று அவளின் அப்பா சிறீஸ்கந்தராஜா கிழக்கு லண்டன் பிளேஸ்டோவிலுள்ள வீட்டிலேயே எச்சரித்திருந்தார்.

தீக்ரானின் தாய் ஆர்மீனிய வழக்கப்படி இருவர் தோளிலும் மெல்லிய ரொட்டியைப் போர்த்தினாள். அவர்கள் தட்டை மிதித்து உடைத்தார்கள். சபை கைதட்ட, சிறீஸ்கந்தராஜாவும் பழக்கதோஷத்தில் மேசைப் பூவைப் பிய்த்து மணமக்கள் தலையில் தூவினார்.

“நல்லா நடிச்சாய் பிள்ளை!”

“நடிக்கேல்லை அப்பா. காலமை ரெஜிஸ்டர் பண்ணிட்டம்.”

“நான் ஒத்துக்கொள்ளமாட்டன்!”

தவமலர் தோளில் கிடந்த ரொட்டியைச் சரிசெய்துகொண்டாள்.

“இத்தனை பேருக்கு முன்னால பூப் போட்டு வாழ்த்தினனீங்கள். இனி அதைத் திருப்பி எடுக்க ஏலாது.”