பூஜ்யத்தை முழுங்கியவர்

மருத்துவமனை சர்வரின் ரெய்டு அடுக்கில் நான்கு எஸ்எஸ்டி சேமிப்புத் தட்டுகள். ஒன்று செத்தால் மற்ற மூன்றும் தாங்கும். இன்னொன்றும் போனால் நோயாளிகளின் இன்றைய பதிவு அத்தனையும் போச்சு.

'எண் இரண்டு பழுது' என்றது திரை. சர்வரைப் பார்த்துக்கொள்பவர் பழுதானதைக் கழற்ற இரண்டாவது தட்டைப் பிடித்தார். கணினி பூஜ்யத்திலிருந்து எண்ணும், அதன் இரண்டு நமக்கு மூன்று என்பது அவருக்கு எப்போதும் மறந்துபோகும். கூடவே வேலை பார்த்த மனைவிதான் தன் மேசையிலிருந்தபடி சரியான தட்டின் நீல விளக்கை இரண்டு முறை மின்ன வைப்பாள்.

"பூஜ்யத்தை முழுங்கிட்டீங்களா?" என்பாள்.

அவள் இறந்து ஐந்து மாதம். அந்த மேசையில் இப்போது கணினிகூட இல்லை.

மூன்றாவது தட்டின் நீல விளக்கு இரண்டு முறை மின்னியது.

அவர் கையை எடுத்தார்.

"முழுங்கிட்டேன்மா" என்றார்.

விளக்கு இன்னொரு முறை மின்னியது.