கெட்டி ஆயில்

“யாரைக் கேட்டு இந்தக் கெட்டி ஆயிலை ஊத்தினீங்க?”

காரை ஒர்க் ஷாப்புக்குள் கொண்டுவந்து நிறுத்திய கையோடு, கதவைக்கூடச் சாத்தாமல் அந்தப் பெண் கத்தினாள். டயரைக் கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். அது போன வாரம் அவர் கையால் உயிர் கொடுத்த கார்.

அந்த வட்டாரத்தில் அவருக்கு ‘டாக்டர்’ என்று பெயர். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, எங்கே என்ன தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். தன் காதுக்குத் தப்பிய சத்தமே கிடையாது என்பது அவருடைய நினைப்பு.

“உங்க வீட்டுக்காரர்தான் கொண்டுவந்து விட்டாரும்மா. வண்டி டக்டக்னு அடிக்குது, புகை கக்குது, ஏதாவது பண்ணுங்கன்னாரு. பண்ணினேன்.”

“டிக்கியில மிச்ச ஆயில் டப்பாவைப் பார்த்தேன். இருபது-அம்பது! புக்குல என்ன போட்டிருக்கு? லேசான ஆயில், அஞ்சு-முப்பது. படிக்கத் தெரியும்ல?” காரோடு வந்த கையேட்டைப் பிரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

டாக்டருக்கே மருந்துச் சீட்டைக் காட்டினால் எப்படி இருக்கும்? மெக்கானிக்குக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“அந்த புக்கு புது வண்டிக்கு எழுதினதும்மா. இது ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடித் தேஞ்ச வண்டி. உள்ளே இடைவெளி விழுந்துபோச்சு. லேசான ஆயில் அதுல நிக்காது, வழிஞ்சு ஓடிடும். கெட்டியா இருந்தாத்தான் தாங்கும்.”

“எனக்குப் பாடம் நடத்த வேணாம். இதை வடிச்சுட்டு லேசான ஆயிலையே ஊத்துங்க.”

“ஓடறதுல ஏதாவது குறை இருக்கா? அதைச் சொல்லுங்க முதல்ல.”

“நேத்து வாசல்ல வந்து நின்னதே தெரியல!”

“அப்படிச் சொல்லுங்க!” மெக்கானிக் தொடையில் தட்டிக்கொண்டார். “முன்னாடி தெருமுனையில திரும்பும்போதே ஊருக்கே கேக்கும். இப்ப பூனை மாதிரி வருதுல்ல? பாராட்டறதை விட்டுட்டுச் சண்டைக்கு வர்றீங்களே!”

பெஞ்சில் காத்திருந்த லாரி டிரைவர் சிரித்துவிட்டார். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

மெக்கானிக் விடவில்லை. சாவியைத் திருகி இன்ஜினை ஓடவிட்டார். ஸ்க்ரூ டிரைவரை அதன்மேல் ஊன்றி, “வந்து காதை வெச்சுக் கேளுங்க. ஏதாவது கேக்குதா?” என்றார்.

“அதான் கேக்கலையே!” அவள் போட்ட சத்தத்தில் இன்ஜின் சத்தம் சுத்தமாக அமுங்கிப்போனது. “புள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு நேரா வந்திருக்கேன். அவரு இன்னும் தூங்கறாரு. எந்திரிக்கறதுக்குள்ள வண்டி வீட்டு வாசல்ல நிக்கணும். ஊத்த முடியுமா, முடியாதா?”

“முடியாது!” கையிலிருந்த துணியை மெக்கானிக் தரையில் விசிறியடித்தார். “ஊத்தினா மறுபடி புகை வரும், சத்தம் வரும். ஒருநாள் நடுரோட்டுல இன்ஜின் இறுகிப்போய் நிக்கும். அப்ப யார் பேர் கெடும்? என் பேரு! இருபது வருஷமா கட்டிக் காப்பாத்தின பேரு!”

“சத்தம் வந்தா வரட்டும்.”

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றாள். இப்படி ஒரு பிடிவாதத்தை மெக்கானிக் எந்த வண்டியிலும் பார்த்ததில்லை. நியாயம் கேட்பதுபோல் லாரி டிரைவர் பக்கம் திரும்பினார்.

“இவங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷன்யா. அன்னைக்கு ரெண்டு மணி நேரம் காக்க வெச்சேன். ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல. எனக்கும் சேர்த்து டீ வாங்கிக் குடுத்தாரு. அவருக்குப் போய் இப்படி ஒரு கோவக்கார சம்சாரம்!”

லாரி டிரைவர், “எல்லாம் தலையெழுத்துண்ணே” என்று மேலே பார்த்தார். அவள் கையேட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தாள்.

“சரிம்மா, வீண் பேச்சு எதுக்கு? அவரையே எழுப்பிக் கேட்டுடறேன். உங்க சம்சாரம் வந்து சத்தம் போடறாங்கன்னு சொல்றேன். அவரு ஊத்துன்னா ஊத்தறேன்.” மெக்கானிக் செல்போனை எடுத்து நம்பரைத் தேடினார்.

அவள் பாய்ந்து வந்து செல்போனோடு சேர்த்து அவர் கையைப் பிடித்தாள். கிரீஸ் அவள் விரலெல்லாம் அப்பியது. அதுவரை வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்த குரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

“வேணாம்ண்ணா. அவருக்கு நான் இங்க வந்ததே தெரியக் கூடாது.”

மெக்கானிக் அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தார். இன்ஜினை அணைத்தார்.

“தெருமுனையில வண்டிச் சத்தம் கேட்டாத்தாண்ணா, அவரு வந்து சேர்றதுக்குள்ள புள்ளையப் பக்கத்து வீட்ல ஒளிச்சு வெச்சுட்டு வர முடியும்.”