எட்டில் ஒன்று

“சொன்னா உனக்குப் புரியுமா?”

மெஷினில் என்ன செய்கிறான் என்று அவள் ஒரே ஒரு தடவை கேட்டதற்கு, கதிரேசன் திருப்பிக் கேட்டது அது.

பிறகு அவள் கேட்கவில்லை.

கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டி, அவள் ரெண்டருக்குப் போட்டதும் அவன் வந்துவிடுவான். கம்ப்யூட்டர் தானாக முழுப் படத்தையும் கோத்து எடுக்கிற நேரம். அவளுக்கு அங்கே வேலை இல்லை.

“எந்திரி.”

நாற்காலியின் சூடு ஆறும் முன் உட்காருவான். மவுசில் நாலைந்து தட்டு. ஏதோ பட்டியல், ஏதோ டிக்குகள். அப்புறம் கிரிக்கெட் கேம்.

அவள் தரையில் உட்கார்ந்து ஆல்பம் ஒட்டுவாள்.

அவன் முதலாளியின் மச்சினன்.

“எட்டு கோர் மெஷினு. இந்த ஊர்ல எந்த ஸ்டூடியோல இருக்கு?” முதலாளி கவுன்டரிலிருந்து அவளைக் கேட்பார். “பறக்கணும். ஒன் கை பட்டா மட்டும் நொண்டுது.”

“ராசி அப்படி மச்சான்,” என்பான் கதிரேசன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இன்று காலை முதலாளி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“மூணு மணிக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வாராங்க. படம் ரெடியா இல்லன்னா, நாளைக்கு நீ வர வேண்டாம் தாயி.”

மதியம். ரெண்டர் பட்டை ஊர்ந்துகொண்டிருந்தது. கதிரேசன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனான்.

பசை விரல்களைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள்.

அவன் திறந்த விண்டோ மூடாமல் கிடந்தது. எட்டுக் கட்டங்கள். கம்ப்யூட்டரின் எட்டு மூளைகளில், ஒரு கோருக்கு ஒரு கட்டம்.

முதல் கட்டம் விளிம்புவரை நிரம்பி முட்டிக்கொண்டிருந்தது.

மற்ற ஏழும் காலை நீட்டிப் படுத்திருந்தன.

அவன் தட்டுகிற இடத்தில் தட்டினாள். எந்த வேலை எந்தக் கோரில் ஓடவேண்டும் என்கிற பட்டியல் வந்தது. வீடியோ வேலைக்கு எட்டு டிக் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. மீதியை அவன் எடுத்துவிட்டிருந்தான்.

கேம் திக்காமல் ஓட.

அதற்குத்தான் அவள் வாங்கிய இத்தனை மாதப் பேச்சு.

முதலாளியைக் கூப்பிட வாயெடுத்தாள். அவர் யார் சொல்வதை நம்புவார் என்பது நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டாள்.

வீடியோவுக்கு எட்டையும் கொடுத்தாள்.

பிறகு கேமின் பட்டியலைத் திறந்தாள். காலில் தைத்த முள்ளை எடுப்பதுபோல் ஒவ்வொரு டிக்காக எடுத்தாள். ஒன்றை மட்டும் விட்டுவைத்தாள்.

அந்த முதல் கட்டத்தை.

“எந்திரி.”

எழுந்துகொண்டாள்.

திரையில் பந்து வீசுகிறவன் ஓடி வந்தான். பாதி வழியில் நின்றான். தூக்கிய கால் தூக்கியபடியே இருந்தது.

கதிரேசன் மவுசை உலுக்கினான். மேசையைக் குத்தினான். அந்த விண்டோவைத் திறந்தான்.

கேமின் பட்டியலைத் தட்டினான். வீடியோவுக்கு அவன் விட்டுவைத்த அதே ஒற்றை டிக்.

அவள் ஆல்பத்தில் மணப்பெண்ணின் முகத்தில் காற்றுக் குமிழி நிற்காமல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னடா, ஆட்டம் நின்னு போச்சு?” முதலாளி வந்து அவன் முதுகுக்குப் பின்னால் நின்றார். “மெஷினுக்கு என்ன?”

கதிரேசன் திரும்பி அவளைப் பார்த்தான்.

இந்தத் தடவை அவள் குனியவில்லை.

“சொல்லேன்டா. சொன்னாத்தானே தெரியும்.”

ரெண்டர் பட்டை கடைசியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

அவன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கிப் போனான்.